பரிசுக் குழுவின் ஒரே உறுப்பினர்

மார்ச் 6, வியாழன்

கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாற்பது நிமிடம் தாமதம். துணிக்கடை லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. சோதிக்கப் போன நானே உள்ளே. லிஃப்ட் பரிசோதகரை லிஃப்டிலிருந்து வெளியே எடுக்க வந்த ஆள் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். கடைசிவரை சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பதவிகளுக்கும் ஆள் போட்டு முடித்திருந்தார்கள். வராதவர் தலையில்தானே மிச்சத்தைக் கட்டுவார்கள். இந்த வருடத்துப் பரிசுக் குழு நான். குழுவில் இன்னும் யார் யார் என்று கேட்டேன்.

"நீங்கதாம்மா குழு" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவர் சொன்னால் எல்லைக்கல் நட்ட மாதிரி. பிறகு யாரும் அதை நகர்த்த முடியாது.

வேலை இதுதான்: ஜூன் 8 ஆண்டுப் போட்டிக்கு ஐந்து பரிசுகள். முதல் மூன்று இடங்கள், அறுபது தாண்டியவர்களில் முதல்வர், கடைசியாக வருபவருக்கு ஆறுதல்.

முதல் பரிசைப் பதினோரு வருடமாகத் தம்பிதான் வாங்குகிறான். அவன் என்னோடு பேசி நாலு வருடம் ஆகிறது. ஆகக்கூடி, பேசாத தம்பிக்கு நான் கடை கடையாக ஏறிப் பரிசு வாங்க வேண்டும். அவன் பிறந்தநாளுக்கே இத்தனை நாளாக ஒன்றும் வாங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். பரிசுக் குழு கூடித் தீர்மானம் போட்டால்தான் ஏற்க முடியும் என்று தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

எங்கள் கிளப் ஒரு நாற்காலி-மேசைக் கிடங்கின் அடித்தளத்தில் இருக்கிறது. ஆறு தடங்கள், பத்து மீட்டர், பதினெட்டு உறுப்பினர்கள், ஏர் ரைபிள். மேலே சோபா நகர்த்தும் சத்தம் வந்தால் கீழே எல்லோரும் துப்பாக்கியைத் தாழ்த்திக் காத்திருப்போம். எனக்கு ஐந்தாம் தடம். தம்பிக்கு ஆறாவது. நடுவில் தோள் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. வியாழக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அரை மீட்டர் இடைவெளியில் நிற்கிறோம். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் தலைவர் வழியாகத்தான்.

இருவரில் ஒருவர் கிளப்பை விட்டிருக்கலாம். விட்டால் தோற்ற மாதிரி ஆகும். இருவருக்கும் தோற்பது பிடிக்காது.

இன்று அவன் தலைவரிடம் சொன்னான்: "பரிசுக் குழுகிட்ட சொல்லிடுங்க, போன வருஷக் கோப்பையோட பிடி கழண்டு வந்துடுச்சு."

பரிசுக் குழு அரை மீட்டரில்தான் நின்றுகொண்டிருந்தது. தலைவர் அதை ஒருமுறை எனக்குத் திருப்பிச் சொன்னார், வார்த்தை மாறாமல்.

மார்ச் 15, சனி

கோப்பைக் கடைக்குப் போனேன். கோப்பை உச்சியில் நிற்கும் பொம்மைகளில் டென்னிஸ்காரர் இருக்கிறார், நீச்சல்காரர் இருக்கிறார், ஓட்டக்காரர், சதுரங்கக் குதிரை, வில்லாளி எல்லோரும் இருக்கிறார்கள். துப்பாக்கிக்காரர் மட்டும் கிடையாது. போன வருடம் வில்லாளியைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருடம் தூண்டிலோடு ஒரு மீனவர். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று அப்போதைய குழு சொன்னதாம். தூரத்திலிருந்து பார்ப்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பயிற்சியே. தெரிந்தது.

எழுத்துப் பொறிப்பவர் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். சிறப்பாகச் சுட்டவருக்கு என்றேன்.

"பேக்கரிப் போட்டிங்களா?"

"இல்லங்க, துப்பாக்கி."

"அப்ப 'துப்பாக்கி சுட்டவருக்கு'ன்னே போட்டுடலாமே."

அப்படிப் போட்டால் துப்பாக்கியைத் திருடியவருக்குக் கொடுத்த மாதிரி இருக்கும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, அப்படியும் படிக்கலாம்" என்றார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, என்ன பரிசு வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னேன். கிளப் வரலாற்றில் இது முதல் தடவையாம். தலைவருக்கு இது ஏதோ கலகம் மாதிரிப் பட்டது.

தலைவர் எழுதியது: "கோப்பை. பெரியது." வருடா வருடம் கடைசியாக வரும் பல் டாக்டர்: "பரிசு வேண்டாம். கறுப்பு வட்டத்துக்குள் ஒரே ஒரு குண்டு." நர்சம்மா எதையோ எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து, கடைசியில் ஒரு பூ வரைந்திருந்தாள். நான்கு பேர் என்னுடைய எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள்.

தம்பியின் சீட்டு வெற்றுத்தாள். ஆனால் விளிம்போடு விளிம்பு பொருந்த நான்காக மடித்திருந்தான். கண்ணாடி வெட்டுகிறவன் கை. கசக்கிக்கூடக் கொடுக்க வராது.

மார்ச் 24, திங்கள்

மூன்று லிஃப்ட். இரண்டு தேறின.

மார்ச் 29, சனி

தம்பி மனைவி வந்திருந்தாள். அவளும் நானும் பேசுவோம், அவனுக்குத் தெரியாமல். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாத மாதிரி இருக்கிறான்.

வந்ததும் வராததுமாக, "அண்ணி, கையெடுத்துக் கும்பிடறேன், கோப்பை மட்டும் வேணாம்" என்றாள். "பதினொண்ணு இருக்கு. ஒண்ணுல ஒரு வாய் தண்ணி குடிக்க முடியுமா? தொடைக்கறது நான். போன மாசம் ஒண்ணுல திருகாணி போட்டு வெச்சேன், இன்னொண்ணுல துணி கிளிப். அவர் ஏன்னுகூடக் கேக்கல."

"அவனுக்கு என்னதான் வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாங்கறார். எதைக் கேட்டாலும் அதான் பதில்."

நான் எழுந்து தேநீர் போடப் போனேன். பின்னாலேயே வந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஜூன் மாசம் வந்தாலே அவருக்குத் தூக்கம் போயிடுது அண்ணி. அத்தை போன நாள் நெனப்பு. 'நாள் முழுக்க அம்மா என்னைக் கேட்டாங்களாம், நாள் முழுக்க'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார். நான் என்ன சொல்றது?"

பால் பொங்கிவிட்டது. துடைத்தேன். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன். இருபது வருடமாக அவளுக்கு நான்தான் தேநீர் போட்டுக் கொடுக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அந்த இலக்கு அட்டையை இன்று எடுத்தேன். பீரோவில் என் சான்றிதழ்களோடுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். நாலு வருடம் முன்பு ஆண்டுப் போட்டியில் தம்பி போட்டியிடவில்லை, தோளில் பிடிப்பு. அதனால் அவன்தான் நடுவர். எனக்கு முதலிடம் வர ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டது. கடைசிக் குண்டு கோட்டோரம் பட்டது. ஓட்டை கோட்டைத் தொட்டிருந்தால் பத்து, தொடாவிட்டால் ஒன்பது. தம்பி அளவு பார்க்கும் கருவியை ஓட்டையில் செருகி, குனிந்து பார்த்தான். நல்லா பாருடா என்றேன். நல்லாப் பார்த்தான். "ஒன்பது" என்றான்.

அந்த வருடக் கோப்பையை மருந்துக்குப் பத்தாத வித்தியாசத்தில் தலைவர் வாங்கிக்கொண்டு போனார். (ஆக, பதினோரு வருடமாகத் தம்பி என்று நான் எழுதியது சரியில்லை. நடுவில் ஒரு வருடம் தலைவர். எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம், தலைவரைத் தவிர.)

லிஃப்ட் கம்பிவடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன். அதை வைத்து இன்று அட்டையைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கடியில் ஒரு தடவை.

ஒன்பதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஒன்பதோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். நான் நிறுத்தவில்லை. எழுதிவிடுகிறேன். இதில் எழுதாமல் வேறு எதில் எழுதுவது.

அன்றைக்குப் பதினான்கு பேர் முன்னால் நான் சொன்னது: "அம்மா கடைசி நாள் முழுக்க உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ எங்கயோ நின்னு அட்டையில ஓட்டை போட்டுக்கிட்டிருந்த. உனக்கென்ன கண்ணு தெரியும்?"

அவன் கருவியை மேசைமேல் வைத்தான். சத்தமில்லாமல் வைத்தான். அதோடு சரி. அன்றிலிருந்து நான் "பரிசோதகரம்மா". இப்போது "பரிசுக் குழு".

என்னை இந்தக் கிளப்பில் சேர்த்ததே அவன்தான். அம்மா போன பிறகு, கை சும்மா இருந்தால் நினைப்பு வரும், வா அக்கா என்று கூட்டிப்போனான். மூச்சை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தான்.

சரி, இன்னும் மிச்சம் இருக்கிறது. அதையும் எழுது.

அம்மா நாள் முழுக்கக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவைதான். ஆஸ்பத்திரியில், காலை பதினோரு மணிக்கு. தம்பி எங்கே என்றாங்க. வெளியூர்ல போட்டி, இரண்டு மணி நேர வழி என்றேன். "முடிச்சுட்டே வரட்டும். கூப்பிடாத. அவனுக்குக் கை நடுங்கும்" — இதுதான் அம்மா சொன்னது. இதே வார்த்தை. நான் கூப்பிடல. அம்மா சொன்னாங்க, அதனால கூப்பிடல. அது சரி. பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்து, யாராவது வர வேண்டியிருந்தா வரச் சொல்லிடுங்கன்னார். அப்பவும் ஏன் கூப்பிடல? போன் கையிலதான் இருந்துச்சு. சாயந்திரம் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேனா? இல்ல, எப்பவும் அவன்தான் ஜெயிக்கறான், இந்த ஒரு நாளாவது அம்மா பக்கத்துல நான் மட்டும் இருக்கேன்னு — அப்படி ஒரு நெனப்பு இருந்துச்சா? இருந்திருந்தா நான் எப்படிப்பட்டவ?

தெரியல.

அம்மா நாலு மணிக்குப் போயிட்டாங்க. அவன் ஆறு மணிக்கு வந்தான், கோப்பையோடு. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வராந்தாவிலேயே கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு வருடம் சொல்லவில்லை. அப்புறம் சொன்னேன், தப்பாக.

ஏப்ரல் 14, திங்கள்

நான்கு லிஃப்ட். நான்கும் தேறவில்லை. நான்தான் இன்று கொஞ்சம் கடுமையாக இருந்தேனோ என்று மறுபடி போய்ப் பார்த்தேன். இல்லை, நான்குமே மோசம்தான்.

மே 8, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். தடுப்பைத் தாண்டி ஆறாம் தடத்துக்குள் இரண்டு அடி வைத்தேன். கிளப்பில் மற்றவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். மேலே சோபா நகர்த்துகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

தம்பி துப்பாக்கியைத் தாழ்த்தி, தலைவர் பக்கம் திரும்பினான். "பரிசுக் குழு ஏதோ அறிவிக்கணுமாம்."

பதினேழு பேர் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது அறிவிக்க வேண்டியதாகிவிட்டது.

"இந்த வருஷம் கோப்பை கிடையாது" என்றேன்.

அரை மணி நேரம் கிளப் இரண்டுபட்டது. கோப்பையில்லாத போட்டி மாப்பிள்ளையில்லாத கல்யாணம் என்றார் தலைவர். வீட்டுக்கு உபயோகமான பொருளாகக் கொடுக்கப்போகிறேன் என்றேன். "அப்ப இது போட்டியா, பாத்திரக் கடையா?" பல் டாக்டர் என் கட்சி. கோப்பையே வாங்காதவர்கள் எல்லோரும் என் கட்சி என்பதால் பெரும்பான்மை எனக்குக் கிடைத்தது.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மே 17, சனி

மேல்மாடிக் கிடங்கிலேயே பெரிய பரிசுகளை முடித்துவிட்டேன். கிடங்குக்காரர் குடியிருப்பவர்கள் சலுகை என்று ஒன்றைக் கொடுத்தார். அடித்தளத்தில் சுடுபவர்கள் குடியிருப்பவர்களா என்று நான் விவாதிக்கவில்லை.

முதல் பரிசு: சாய்வு நாற்காலி. தம்பி காலை எட்டு மணியிலிருந்து கடையில் நின்றுகொண்டே கண்ணாடி வெட்டுகிறான், வியாழக்கிழமை இங்கேயும் நிற்கிறான். உட்காரட்டும். "இதுல உக்காந்தவங்க யாரும் ஒடனே எழுந்ததில்லீங்க" என்றார் கிடங்குக்காரர். உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். அவரே வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் பரிசு: சுவரில் மாட்டும் முகக்கண்ணாடி, நான்கு ஓரமும் சரிவாகச் செதுக்கியது. தம்பிக்கு இது போய்விட்டால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். ஆனால் அவன் இரண்டாவதாக வந்ததே கிடையாது. மூன்றாம் பரிசு குடை. அறுபது தாண்டியவருக்குக் கம்பளிப் போர்வை. அந்தப் பிரிவில் இரண்டே பேர், ஒருவர் தலைவர். கடைசி இடத்துக்கு டார்ச் விளக்கு, அடுத்த வருடமாவது இலக்கைக் கண்டுபிடிக்க.

மே 25, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். பதினோரு மணி, பன்னிரண்டரை, எல்லாம். இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். இதை மட்டும் சொன்னதில்லை.

இவர் மருந்துக் கடைக்காரர். யார் என்ன சொன்னாலும் முகம் மாறாது, தொழில் அப்படி. முழுக்கக் கேட்டுவிட்டு, "மாத்திரையை வாயில வெச்சுக்கிட்டே இருந்தா கசக்கத்தான் செய்யும். துப்பணும், இல்ல முழுங்கணும்" என்றார்.

"போட்டி முடியட்டும், சொல்லிடறேன். இப்ப சொன்னா அவனுக்குக் கை நடுங்கும்."

இவர் பேப்பரைப் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். அப்புறம் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "போன தடவையும் போட்டி முடியட்டும்னுதானே?"

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். வராந்தாத் தொட்டிகளுக்கு இரண்டு தடவை தண்ணீர் ஊற்றினேன் போலிருக்கிறது. செடிகள் மிதந்தன.

ஜூன் 5, வியாழன்

மதிய இடைவேளையில் தம்பி கடைக்குப் போனேன். நாலு வருடத்தில் முதல் தடவை. மேசைமேல் ஒரு பெரிய கண்ணாடி விரித்திருந்தது. அடிமட்டத்தை வைத்து வெட்டும் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். கோடு போடும்போது பேசக் கூடாது, எனக்குத் தெரியும். வாசலில் நின்றேன். கோடு முடிந்தது. விளிம்பில் தட்டினான், கண்ணாடி சொன்ன பேச்சு கேட்டு இரண்டானது.

"பரிசு விஷயம்னா தலைவர்கிட்ட சொல்லிடுங்க" என்றான், கண்ணாடியைப் பார்த்து. 'ங்க' போட்டான்.

"பரிசு இல்ல. அம்மா விஷயம்."

அவன் கையுறையைக் கழற்றவில்லை. சொன்னேன். நாள் முழுக்க இல்லை, ஒரே தடவைதான் என்றேன். அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நான் கூப்பிடவில்லை என்பதையும். அந்த அட்டை ஒன்பதுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை ஏன் நடுவில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அம்மா கேட்டது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"டாக்டர் சொன்னது?"

"பன்னிரண்டரை."

"அப்பவே கூப்பிட்டிருந்தா ரெண்டரைக்கு வந்திருப்பேன்."

"வந்திருப்ப."

அடிமட்டத்தை அதன் ஆணியில் மாட்டினான். ஒருவர் ஜன்னல் கண்ணாடிக்கு அளவு கொண்டு வந்தார். தம்பி அளவை எழுதிக்கொண்டான், எந்த வகை என்று கேட்டான், சனிக்கிழமை வரச் சொன்னான். நான் ஓரமாக நின்றேன். அவர் என்னையும் கண்ணாடி வாங்க வந்தவள் என்று நினைத்து, "இங்க நல்லாப் பண்ணுவார்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"போட்டிக்கு மூணு நாள் இருக்கறப்பதான் இதைச் சொல்லணுமா?" என்றான் தம்பி.

"முடியட்டும்னு காத்திருந்துதான் போன தடவை கெடுத்தேன்."

அடுத்த கண்ணாடியை எடுத்துவைத்தான். "வேலை இருக்கு" என்றான். சக்கரத்தை ஓட்டினான், தட்டினான். கோட்டை விட்டு விலகிக் குறுக்கே உடைந்தது. அவன் கடையில் கண்ணாடி தப்பாக உடைந்து நான் பார்த்ததில்லை.

வந்துவிட்டேன்.

சாயந்திரம் ஆறாம் தடம் காலி. நான் ஐம்பது குண்டு போட்டேன். அட்டையை எடுத்துப் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வந்தான். வருவான் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு இடப்பக்கம் நின்று, வழக்கம்போல முதல் குண்டைப் போட்டான்.

நாற்பது குண்டு. முப்பத்தைந்து வரை அவன்தான் முன்னால். நர்சம்மா ஒரு புள்ளி பின்னால். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் நிற்பதால் அவளுக்குக் கையில் ஆட்டமே இல்லை என்பது பல் டாக்டரின் ஆராய்ச்சி. கடைசி ஐந்தில் தம்பி துப்பாக்கியைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாக இருந்தான். நாற்பதாவது குண்டுக்கு நான்கு தடவை தூக்கினான். தலைவர் நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி.

எட்டு.

அவன் அட்டையை இழுத்துப் பார்த்தான். தலையாட்டினான், அவனே நடுவர் மாதிரி.

முதல் இடம் நர்சம்மா. பரிசை அறிவித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இரண்டாம் பரிசின் பெயரைப் படிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அப்படியே தூக்கி ஓரமாக வைத்தோம், நாற்காலியோடு. பல் டாக்டருக்கு டார்ச் கிடைக்கவில்லை. இந்த வருடம் கடைசிக்கு முந்தின இடம், கறுப்பு வட்டத்தில் மூன்று குண்டு. டார்ச் கிடைக்கவில்லையே என்று வருத்தமாகவும் இருந்தது அவருக்கு. தலைவர் போர்வையை மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டார். ஜூன் மாதம்.

தம்பிக்குக் கண்ணாடி. வழக்கப்படி பரிசுக் குழுதான் கொடுக்க வேண்டும். நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, பெருவிரலால் ஓரத்தைத் தடவினான். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை.

"இது நான் செதுக்கினது" என்றான்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்ன?" என்றார் தலைவர்.

"எங்க கடைச் சரக்கு. மார்ச்ல கிடங்குக்குப் பத்து கொடுத்தேன். அதுல ஒண்ணு."

பல் டாக்டர் இருமினார். கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். இரண்டு பேருக்கும் அம்மாவின் மூக்கு. அவன் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டான்.

நான் நான்காவது இடம். அதற்குப் பரிசு எதுவும் நான் வாங்கிவைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆறாம் தடம் காலி.

ஜூன் 14, சனி

இவரிடம் கேட்டேன்: நான்தானே அவனைத் தோற்கடித்தேன்?

"எட்டு போட்டது அவன்."

"நான் சொன்னதாலதானே?"

"சொன்னதால எட்டு. சொல்லாததால நாலு வருஷம். எதைச் சொல்ல?" என்றார். பிறகு தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருந்தாலும் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். போட்டுக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

காலி. தலைவர் என்னிடம் வந்து, அவன் தடத்தைப் பல் டாக்டருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அதற்கு ஒரு குழு போடச் சொன்னேன்.

ஜூன் 21, சனி

தம்பி மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, அந்த வெளியூர்ப் போட்டி அட்டையெல்லாம் எடுத்துப் பரப்பி வெச்சிருக்கார். அத்தை போன அன்னிக்குப் போட்டது. ஒவ்வொரு அட்டை ஓரத்துலயும் மணி குறிச்சிருக்கு. இதைக் காட்டி, பத்தே காலுக்கு ஆஸ்பத்திரில என்ன நடந்துது, பதினொன்னரைக்கு என்ன நடந்துதுன்னு என்னைக் கேக்கறார். எனக்கு எப்படி அண்ணி தெரியும்? நான் அன்னிக்குப் பிள்ளைங்களோட வீட்ல இருந்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.



"அப்ப உங்களைக் கேக்கச் சொல்லவா?"

"சொல்லு. கேட்டா சொல்றேன். கேக்காட்டியும் பரவால்ல, நான் இங்கதான் இருப்பேன்னு சொல்லு."

வைத்த பிறகு எனக்கே ஒரு பயம். ஆறு வருடம் ஆகிவிட்டது. எல்லாம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு தாள் எடுத்து எட்டு மணி, ஒன்பது மணி என்று எழுதிப் பார்த்தேன். இருந்தது. ஒன்றுவிடாமல் இருந்தது. யாரும் கேட்காததால் அப்படியே இருந்திருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

காலி.

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அழைப்புமணி. தம்பி. கையில் ஒரு காகித உறை, அதில் அட்டைகள். உள்ளே வந்தான், சாப்பாட்டு மேசையில் அட்டைகளை மணிப்படி வரிசையாக அடுக்கினான். தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

"எட்டு மணிலேருந்து சொல்லு" என்றான். 'ங்க' போடவில்லை.

சொன்னேன். எட்டு மணிக்குத் தலை வாரிவிட வந்த ஆயா சீப்பை இழுத்ததும், அம்மா அவளிடம், நான் என்ன பொம்மையா என்று கேட்டது. ஒன்பதுக்கு மூக்குக்கண்ணாடி கேட்டு வாங்கி, எதிர்ச்சுவர்க் காலண்டரில் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரைப் படித்துக் காட்டியது, கண் இன்னும் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க.

"ஒன்பதுக்கு நான் முதல் அட்டை" என்றான். "ஒன்பதே காலுக்கு ஒரு ஒன்பது பட்டுது. இதோ."

பத்து மணிக்குப் பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு ஆரஞ்சு வாங்கிவந்த மருமகன் பேச்சு சுவாரசியத்தில் சுளை சுளையாக முழுதையும் தானே தின்று முடித்ததைச் சொன்னேன். அம்மா சிரித்ததைச் சொன்னேன்.

"சிரிச்சாங்களா?"

"சத்தமா. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தா."

அவன் பத்து மணி அட்டையைத் தேடி எடுத்தான். ஐந்து பத்துகள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பதினொன்றைக் கேட்டான். அம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். எந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாங்க என்று கேட்டான். ஜன்னல் பக்கம் என்றேன். பன்னிரண்டரை வந்ததும் நிறுத்திவிட்டேன். அவன் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் என்னவோ போல ஆகி, பிறகு சரியானது.

"தாண்டிப் போ" என்றான்.

போனேன். ஒரு மணி. அம்மா தூங்கினது. ஒன்றே முக்காலுக்கு விழித்து, தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னது, குளிர்ந்த பக்கம் மேலே வர.

இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி தாண்டியிருந்தது.

"சாப்பாட்டை ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு."

"இருங்க மாமா" என்றான் தம்பி. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அங்க இப்பதான் மணி ரெண்டு ஆகுது. அம்மா முழிச்சிருக்காங்க."